பக்கத்து சீட்டுக் கால்

குடோனில் அவளுக்குப் பெயர் விசில். ஒன்பது வருடமாக விசிலும் கையுமாக லாரிகளுக்குப் பின்னால் நின்று, "வா, வா, லெஃப்ட்ல ஒடி, போதும்யா, சுவத்த இடிச்சிட்டு எங்க போகப் போற" என்று கத்துவதே வேலை. ரிவர்ஸில் வருகிற லாரி எங்கே போய் முட்டும் என்பதை, ஓட்டுகிறவனுக்குத் தெரிவதற்கு முன்பே டயரைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். லாரிகளின் முதுகை இவ்வளவு தெரிந்து வைத்திருந்தவள், ஒரு நாளும் முன்னால் ஏறி உட்கார்ந்ததில்லை.

குடோனுக்குள் வண்டிகளை நகர்த்தி நிறுத்தும் டிரைவர் வேலையை விட்டுப் போனதும், நேராக மேனேஜர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அந்த சீட்டை எனக்குக் குடுங்க சார்."

மேனேஜர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அவள் அங்கேயே நிற்பதைப் பார்த்து, "சரி, மாசக் கடைசிக்குள்ள லாரி லைசென்ஸோட வா. இல்லேன்னா என் மச்சானுக்குத்தான்" என்றார்.

மேனேஜரின் மனைவிக்குத் தம்பி அவன். மேனேஜருக்கு மச்சான் என்றால் அவரிடம் சம்பளம் வாங்கும் அத்தனை பேருக்கும் மச்சான்தானே. அவளும் மச்சானும் ஒரே டிரைவிங் ஸ்கூலில், ஒரே நாளில் சேர்ந்தார்கள்.

ஸ்கூல் என்பது ஒரு பொட்டல், எட்டு டிரம், ஒரு மண்மேடு, ஒரு லாரி. வாசலில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று போர்டு. பதினாறு பேர் லாரியின் பின்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முறை வந்தவர் இறங்கி முன்னால் ஏறி, ஏழு நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடியும் பெஞ்சுக்குப் போக வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் மாஸ்டர். அவர் காலடியில் இன்னொரு கிளட்சும் இன்னொரு பிரேக்கும் உண்டு.

"அது ஆபத்துக்குத்தான்மா. நீ பயப்படாம ஓட்டு" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவள் பயப்படாமல்தான் ஓட்டினாள். பதினெட்டு நாளில் வண்டி ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை. கியர் வெண்ணெயில் கத்தி மாதிரி விழுந்தது. மண்மேட்டில் நிறுத்தி எடுத்தால் வண்டி ஒரு இம்மிகூடப் பின்னால் சரியவில்லை. கடைசி டிரம்முக்கு முன்னால், பந்திக்கு வந்த சம்பந்தி மாதிரி மரியாதையாக நின்றது. "உனக்குக் கைராசி இருக்கும்மா" என்றார் மாஸ்டர். பதினாறு பேரிடமும் அதையேதான் சொன்னார். அது அவளுக்குத் தெரியாது.

வீட்டில் புருஷன் டெய்லர். அவள் பெருமையை அவிழ்த்துக் கொட்டியபோது அவன் ஒரு காலருக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை தடவ ஆஃப் ஆச்சு?"

"ஒரு தடவகூட இல்லங்க."

அவன் ஊசியை நிறுத்தினான். "நான் மிஷின்ல உக்காந்த மொத மாசம் இருபது ஊசி ஒடச்சேன். ஒருத்தர் சட்டைக்கு ரெண்டும் எடது கையாவே வச்சுத் தச்சேன்."

"அது உங்க லட்சணம்."

"இருக்கட்டும். ஆனா என் கால் படாம மிஷின் ஓடினா நான் சந்தோஷப்பட மாட்டேன்மா. அடியில யாரு மிதிக்கிறான்னு குனிஞ்சு பாப்பேன்."

அவன் பாட்டுக்குக் காஜாவுக்குத் திரும்பிவிட்டான். அவளுக்குத்தான் அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் முறை வந்தது. முதல் கியரில் வண்டியை எடுத்தாள். இரண்டாவது கியருக்கு மாற்றும்போது கிளட்சை மிதிக்கவே இல்லை. கியர் வெண்ணெயாக விழுந்தது. டிரம் நெருங்கியது. இரண்டு கால்களையும் தூக்கி சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டாள். வண்டி தானாக வேகம் குறைந்து, தானாக நின்றது. எஞ்சின் நிதானமாக உறுமிக்கொண்டிருந்தது.

"சபாஷ்" என்றார் மாஸ்டர், வெளியே பார்த்துக்கொண்டே.

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. "என்ன சபாஷ்? என் கால் எங்க இருக்குன்னு பாருங்க."

மாஸ்டர் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். அது கிளட்ச் மேலும் பிரேக் மேலும் பழகிய பூனை மாதிரி படுத்திருந்தது.

"பதினெட்டு நாளா நான் ஸ்டியரிங்கைப் புடிச்சிட்டு வேடிக்கை பாத்திருக்கேன். ஓட்டினதெல்லாம் நீங்க!"

"கத்தாதம்மா, பின்னால கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்களுக்கும்தான் சேத்துச் சொல்றேன்!"

மாஸ்டர் ஒளிவுமறைவு இல்லாமல் பேச ஆரம்பித்தார். "யோசிச்சுப் பாரு. ஒரு வண்டி, பதினாறு பேரு. ஆளாளுக்குக் கிளட்சைக் கத்துக்க விட்டா வண்டி என்னத்துக்கு ஆகும்? ஸ்கூல் நடத்துறதா வேணாமா?"

கற்றுக்கொடுத்தால் ஸ்கூல் நடத்த முடியாது என்பதை அவர் ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னார்.

"டெஸ்ட்டுக்கு நாலு நாள் இருக்கு. காலை மேல வைங்க."

"என்னது?"

"ரெண்டு காலையும் எனக்குத் தெரியிற மாதிரி டேஷ்போர்டு மேல வைங்க. இல்லேன்னா நான் இறங்க மாட்டேன், பெஞ்சில இருக்கிற பதினஞ்சு பேரும் இன்னிக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

மாஸ்டர் காலைத் தூக்கி வைத்தார். இடது சாக்ஸில் ஓட்டை. அன்றைக்கு வண்டி பதினோரு முறை ஆஃப் ஆனது. கியர் போடும்போதெல்லாம் இரும்புக் கடையில் திருடன் புகுந்த மாதிரி சத்தம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னால் பெஞ்ச் சரிந்தது. "யக்கா, எங்க உசுரு மேல உனக்கு என்ன கோவம்?" என்று கத்தினான் மச்சான். அவன் முறையில் மாஸ்டரின் கால் பழையபடி கீழே இறங்கியது. அவன் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுற்றி, இன்னொரு கையால் முடியைக் கோதிக்கொண்டான். நாலாவது நாள் அவளுக்கு ஆஃப் ஆவது மூன்று முறையாகக் குறைந்தது. மேடு மட்டும் மசியவில்லை.

டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் மேட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சான்தான் முதலில். டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்து, மேட்டில் நிறுத்தி, சரியாமல் எடுத்துக்கொண்டு போனான். பக்கத்து சீட்டில் மாஸ்டர் சாமியார் மாதிரி சலனமில்லாமல் இருந்தார், முழங்காலுக்கு மேலே மட்டும்.

அவள் ஏறியதும் மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னிக்கு மட்டும் வீம்பு வேணாம்மா. பாஸாகிட்டுப் போ, வேலையில சேரு. அப்புறமா நிதானமாக் கத்துக்கலாம்."

வேலை என்ற சொல்லில் அவள் கை ஒரு நொடி நின்றது. இப்போது வாயை மூடிக்கொண்டால் திங்கட்கிழமை அந்த சீட்டுக்கு அவளும் போட்டி போடலாம். ஆனால் மாஸ்டர் காலால் வாங்கிய லைசென்ஸோடு பதினாறு டன்னை ரிவர்ஸில் எடுக்கும்போது, பின்னால் விசிலோடு யாரோ ஒருத்தி நிற்பாள். ஒன்பது வருடம் அங்கே நின்றவளுக்கு அது தெரியும்.

"காலைத் தூக்குங்க."

"யம்மா..."

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "சார்! இவரு காலைக் கொஞ்சம் பாருங்க சார்!"

இன்ஸ்பெக்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்னை டயரைப் பாக்கத்தான்மா போட்டிருக்காங்க. காலுக்கு வேற ஆள் இருந்தா அவர்ட்ட சொல்லு."

மாஸ்டர் காலைத் தூக்கி வைத்தார். அதே ஓட்டை.

ரிவர்ஸில் ஒரு டிரம்கூட அசையவில்லை. இன்ஸ்பெக்டரே நிமிர்ந்து உட்கார்ந்தார். மேட்டில் நிறுத்தி எடுத்தபோது வண்டி ஒரு முழம் பின்னால் சரிந்து ஆஃப் ஆனது. "இன்னும் ஒரு சான்ஸ்" என்றார் அவர். இரண்டாவது முறை தவளை மாதிரி தத்தித் தத்தி மேலே ஏறியது. உச்சிக்கு இரண்டடி இருக்கும்போது இருமி அடங்கியது.

"ஃபெயில். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் வா" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். ஸ்கூலின் முதல் ஃபெயில். போர்டில் இனிமேல் என்ன எழுதுவது என்ற கவலை மாஸ்டருக்கு. இறங்கும்போது அவர் முகத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறு. கதவை அவள் சாத்திய வேகத்தில் சைடு கண்ணாடி திரும்பிக்கொண்டது.

மாசக் கடைசி வரை பொறுக்காமல், திங்கட்கிழமை காலையே மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு குடோன் லாரியில் ஏறினான். அவள் வழக்கம்போலப் பின்னால் போய் நின்று விசிலை ஊதினாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆனது. மறுபடி எடுத்தான். மறுபடி ஆஃப். ஆறாவது தடவை வண்டி குறுக்கே போய், இரண்டு வாசலையும் அடைத்துக்கொண்டு நின்றது. வெளியே ஏழு லாரிகள் ஹார்ன் அடித்தன.

மேனேஜர் ஓடிவந்தார். "என்னடா ஆச்சு?"

"வண்டி ரிப்பேர் மாமா. கிளட்ச் சரியில்ல."

மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் ஏறி, அலுங்காமல் நாலடி முன்னே போய், நாலடி பின்னே வந்து, இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டி கல்லு மாதிரி இருக்கு சார்."

மச்சான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவள் விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"வண்டில ஒரு குறையும் இல்ல சார். பக்கத்து சீட்ல ஒரு கால் குறையுது. லைசென்ஸோட அதையும் ஸ்கூல்ல வாங்கிட்டு வந்திருக்கணும், மறந்துட்டாரு."

மெக்கானிக் மட்டும் சிரித்தார். மேனேஜர் வாசலைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"மாசக் கடைசி என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை சார்."

"உனக்கு மறு டெஸ்ட்?"

"அதே வெள்ளிக்கிழமை."

"பாஸாகிடுவியா?"

"தெரியாது சார். மேடு இன்னும் முழுசா வரல. ஆனா ஓட்டினா நான்தான் ஓட்டுவேன்."

ஏழு ஹார்ன்களும் ஒன்றாக அலறின. "அதுவரைக்கும் இந்த சீட்ல மெக்கானிக்கைத் தவிர யாரும் ஏறக்கூடாது" என்றார் மேனேஜர், யாரையும் பார்க்காமல்.

மச்சான் திரும்பவும் ஏறி சாவியைத் தொட்டான். "இன்னும் ஒரே ஒரு தடவ மாமா..."

அவள் வண்டிக்கு முன்னால் போய் நின்று, விசிலை வாயில் வைத்து, அவன் முகத்தைப் பார்த்துக் காது கிழிய ஊதினாள். அவன் இறங்கும்வரை நிறுத்தவில்லை.