ரகுபதி, வயது முப்பத்தொன்று, பெண்

ஒரகடம் வட்டாரத்தில் என்னைச் சளி சார் என்பார்கள். அரசு ஆஸ்பத்திரியின் டிபி பிரிவில் சளி டப்பா கொடுத்து, திரும்ப வாங்கி, மாத்திரை வழங்குகிற உத்தியோகத்துக்கு இதைவிட மரியாதையான பட்டம் கிடைக்காது. ரகுபதி என்ற என் பெயரை என் மனைவியே ரேஷன் கார்டில்தான் பார்ப்பாள்.

தொண்ணூற்றொன்று ஜூலையில் பெரிய டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். சந்தேகத்துக்குரிய டிபி நோயாளிகளை எய்ட்ஸ் ரத்தப் பரிசோதனைக்கு மெட்ராஸ் மையத்துக்கு அனுப்புகிறோமே, இரண்டு இடமும் எப்படி ஒத்துழைக்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும். நான் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன். அனுப்பியது மூவரை, போய் வந்தவர் மூவர், ஒருங்கிணைப்பு நூற்றுக்கு நூறு. ஒப்புக்கு அவர்கள் ரிஜிஸ்டரையும் பார்த்துவிடலாம் என்று மெட்ராஸ் போனேன்.

ரிஜிஸ்டர் லூர்தம்மாள் என்ற நர்ஸிடம் இருந்தது. மே மாதப் பக்கத்தில் விரலை ஓட்டினேன். இரண்டு பேர் கிடைத்தார்கள், இருவருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாவதைத் தேடும்போது விரல் நின்றது. ரகுபதி, ஒரகடம். பாசிட்டிவ்.

ஏப்ரலில் ஒரு நோயாளிக்கு ஊசி போடும்போது என் கட்டைவிரலில் குத்திக்கொண்டது நினைவுக்கு வந்தது. மனைவி முகம் வந்தது. நான் ரத்தமே கொடுக்கவில்லை என்பது மட்டும் அரை நிமிடம் கழித்துத்தான் வந்தது.

"இன்னா சார், வேர்க்குது?"

"இது என் பேரும்மா."

லூர்தம்மாள் எட்டிப் பார்த்தார். "பக்கத்துல பாரு. வயசு முப்பத்தொண்ணு, பொம்பள. நீ பொம்பளயா?"

"ரகுபதின்னு ஒரு பொம்பள வந்தா கேக்க மாட்டீங்களா?"

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு பொய்ப் பேருதான் சொல்றாங்க. சீட்டுல இன்னா கீதோ அதான் எங்களுக்குப் பேரு." எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போன சீட்டை எடுத்துக் காட்டினார். 'பெயர்' என்ற கோட்டின் மேல் என் கையெழுத்து. காலியாக எந்தக் கோட்டைக் கண்டாலும் கையெழுத்துப் போடும் சர்க்கார் கை.

நான் அனுப்பிய ஒரே பெண் வடக்குப்பட்டு காந்திமதி. கம்பெனியில் பேக்கிங் வேலை. "ரத்தம் குடுத்துட்டு, முடிவு வாங்கப் போன அன்னிக்கு நாள் பூரா குந்திகினு இருந்தேன் சார், என் பேர கூப்பிடவேயில்ல" என்று அப்போதே சொன்னாள். கூப்பிடாவிட்டால் ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம் என்று சொல்லி, 'போய் வந்தார்' என்று பதிந்தேன்.

"இன்னா மாத்திர குடுக்கற?" என்றார் லூர்தம்மாள். சொன்னேன். அவர் முகம் மாறியது. "அது இந்த நோய் கீறவங்களுக்கு ஆவாதுன்னு எங்க டாக்டர் சொல்றாரு. சில பேருக்குத் தோலு உரிஞ்சி உசுருக்கே வந்துடுமாம். அரிப்பு கிரிப்பு கீதா?"

போன வாரம் கை அரிக்கிறது என்றாள். கத்திரிக்காயை நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் மாத்திரை போடுவாள். அதற்கு மணி ஐந்தரை ஆகும். மின்சார ரயிலில் உட்கார இடம் இருந்தும் சிங்கப்பெருமாள் கோவில் வரை நின்றேன். நின்றால் வண்டி வேகமாகப் போகும் என்று நினைப்பு. ஒரகடம் பஸ் வரவில்லை. செங்கல் லாரியில் தொற்றினேன். வடக்குப்பட்டில் இறங்கி ஓடினேன், செருப்பு ஒன்று வழியிலேயே தங்கிவிட்டது.

காந்திமதி வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள்.

"போடாத! மாத்திர போடாத!"

அடிபம்பில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். என்ன நோய், என்ன சேதி என்று அவர்கள் கண் கேட்டது.

"மாத்திர மாத்திக் குடுத்துட்டேன். தப்பு என்னுது" என்றேன் சத்தமாக.

"இன்னா சார், உசுரோட வெளாடறியா? கவுருமெண்டு உனக்கு எதுக்குய்யா சோறு போடுது?" என்று ஒருத்தி பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நியாயமான திட்டு நான் வாங்கியதில்லை. முழுதாக வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் குடத்தோடு போனபின் காந்திமதி முழங்கையை நீட்டினாள். தடித்தடியாகச் சிவந்திருந்தது.

"கத்திரிக்காய நிறுத்திட்டேன் சார். இன்னும் அரிக்குது."

"காலைல மொத வண்டிக்கு மெட்ராஸ் போறோம். டாக்டர் இதையும் பாப்பாரு. அன்னிக்கு உன்னக் கூப்ட்டாங்கம்மா. என் பேரச் சொல்லிக் கூப்ட்டாங்க. சீட்டுல நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் இருந்திருக்க வேண்டும். சொம்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லியே சார்?"

நான் தொலைந்த செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் மையத்தில் ரிஜிஸ்டரைத் திருத்தச் சொல்லலாம் என்று எழுந்தேன். காந்திமதி என் சட்டையை இழுத்தாள். "வேணாம் சார். என் பேரு அங்க வேணாம். உங்க பேரே இருக்கட்டும், உங்களுக்குப் பரவால்லன்னா."

பரவாயில்லை என்று உட்கார்ந்தேன். அந்தப் பெயர் இதுவரை எதற்கும் உதவியதில்லை.

பத்தே கால் மணிக்கு லூர்தம்மாள் கதவைத் திறந்து, "ரகுபதி!" என்றார்.

பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் எழுந்தோம்.