இருபத்தாறு சனிக்கிழமைகள்

எங்கள் பழைய நகரத்துக்குள் பகலில் வந்து போகிறவர்கள் இனிமேல் சனிக்கிழமைகளில் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று நகராட்சி முடிவெடுத்தபோது, தெருவிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். இருக்காதா பின்னே? எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் வாராவாரம் ஆயிரக்கணக்கில் புகுந்து, எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து தின்று, எங்கள் கொடியில் காயும் உள்பாவாடையைப் படம் பிடித்துக்கொண்டு போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? பாலத்து நுழைவாயிலில் சீட்டு சரிபார்க்கும் வேலையும் எனக்கே கிடைத்தது.

என் மனைவிதான் அதில் மண்ணை அள்ளிப் போட்டாள். “அப்போ நம்ம பொண்ணு என்னைப் பாக்க வர்றதுக்கும் காசு கட்டணுமா?”

தனியாக அறை எடுக்க இங்கே வாடகை கட்டுபடியாகாமல், மகள் இரண்டு வருடம் முன்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுநகருக்குப் போய்விட்டாள். காலியாகிற அறையெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கே போகிறது, அது எனக்குத் தெரியாததா? ஆனாலும் கிளம்பும் அன்று, ஊரை விட்டு ஓடுகிறவள் திரும்பி என் வீட்டுக்கு வர வேண்டாம் என்று கத்தித் தொலைத்தேன். அவளும் என் மகள்தானே, ரோஷக்காரி, வரவில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் சந்தின் மருந்துக் கடை முனை வரைக்கும் வருவாள். அவள் அம்மா கீழே இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வருவாள். நான் மேலே ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ‘வா’ என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. இனி அந்த முனைக்கும் வராமல் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

விதியில் ஒரு வழி இருந்தது. உள்ளே குடியிருப்பவர் தன் உறவினரின் பெயரையும் உறவையும் போன் எண்ணையும் பதிந்துவிட்டால் கட்டணம் கிடையாது. கட்டணம் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகக் கணினியில் காதும் காதும் வைத்தாற்போல் மகள் பெயரைப் பதிந்தேன். ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். சீசன் முடிய இருபத்தாறு சனிக்கிழமை. ஒன்றுவிடாமல் பதிந்துவிட்டு, ஈ காக்காய்க்குத் தெரியாமல் காரியம் முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன். பதிந்த உடனே அந்த உறவினரின் போனுக்கு அழைப்புச் செய்தி போய்விடும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். நான் அந்த நேரத்தில் நாற்காலி உயரம் சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை பாலத்தில் பாதிக் கூட்டம்கூட இல்லை. வருகிறவர்களின் முகம் தெரிந்தது. எட்டாவது ஆளாக என் மகள் நின்றாள். பக்கத்து கவுண்டர் காலியாக இருந்தும் அங்கே போகவில்லை.

யாரானாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தலையைத் தூக்காமல் கேட்டேன். “எதுக்காக வர்றீங்க?”

போனை மேசையில் வைத்தாள். ‘உங்கள் தந்தை உங்களைத் தம் வீட்டுக்கு அழைத்திருக்கிறார்’ என்று இருந்தது. விரலால் தள்ளினாள். மறுபடியும் அதே. மறுபடியும் அதே.

“நேத்து வேலையில இருக்கேன், போன் அடிச்சுக்கிட்டே இருக்கு,” என்றாள். “மெஷின் கோளாறா, இல்ல நீங்கதான் கூப்பிட்டீங்களா? அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

கோளாறு என்று சொல்லியிருந்தால் என் கௌரவம் தப்பியிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள்.

“நான்தாம்மா கூப்பிட்டேன்,” என்றேன். “இருபத்தாறு வாட்டியும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “ஒரு வாட்டி கூப்பிட்டிருந்தாலே வந்திருப்பேனேப்பா.”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. கூடவே இரண்டு வருடத்தை வீணாக்கிய முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தாள். அடுத்து நின்றவரிடம் கேள்வி கேட்காமலே, போங்கள் என்று கையை மட்டும் காட்டினேன். அந்த மனிதர் கட்டணம் கட்டினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.