நத்தைப் பெண்ணின் முகம்

வசந்த மழை பிடித்துக்கொண்டால் பீங்கான் பட்டறைகள் நிறைந்த எங்கள் ஜிங்தேஜென் ஊரே ஈரமண் நிறத்துக்கு வந்துவிடும். ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அப்படி ஒரு மழையில்தான் அந்த நத்தைப் பெண் ஜாடியைச் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துப் பழங்கதை அது: தொட்டித் தண்ணீரில் கிடக்கும் நத்தை ஓட்டிலிருந்து ஒரு பெண் வருவாள். தனியாளாக இருக்கும் உழவனுக்குச் சோறு பொங்கி வைப்பாள். அவன் ஒளிந்திருந்து பார்த்துவிட்டால் போய்விடுவாள். கதையில் எனக்கு ஆகாத இடம் அதுதான். ஆனாலும் இருபது வருஷமாக, ஜாடி மூடிமேல் அவளை வெளியே பார்த்தபடிதான் உட்கார வைக்கிறேன்.

என் புருஷன் ஃபாங்குக்கு தூரத்து ஃபோஷானில், தரை ஓடு சுடும் ஆலையில் வேலை. புத்தாண்டுக்கு மட்டும் வருவான். இந்த முறை பண்டிகை முடிந்தும் ஒரு மாதம் தங்கிவிட்டான். ஆலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். போவானா, இருப்பானா? கேட்க வாய் வரவில்லை. வீம்புதான், வேறென்ன.

"ஏ சிடுமூஞ்சி, இவ இப்பவே ஓடிடுவா போலிருக்கே" என்று சிரித்துக்கொண்டே, ஈரப் பொம்மையின் முகத்தைக் கட்டைவிரலால் உள்பக்கமாகத் திருப்பிவிட்டான்.

பீங்கான் மண்ணுக்கு ஞாபகம் அதிகம். வளைத்ததை நிமிர்த்தினால் சூளையில் மறுபடி வளைந்துகொள்ளும். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். தலையைக் கிள்ளியெறிந்து புதிதாகச் செய்திருக்க வேண்டும். அவன் விரல் பட்டது என்று விட்டுவிட்டேன். இப்படியே இருந்தால் அவனும் இருப்பான் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வேறு.

காய்ந்து, மெருகு பூசி, சூளைக்குப் போகப் பத்து நாள். அத்தனை நாளும் கனவில் அவள் எங்கள் அடுப்படியில் கொழுக்கட்டை பிடித்தாள். கையெல்லாம் வெள்ளை மாவு. என்னைப் பார்த்து வெட்கப்படக்கூட இல்லை.

சூளையைத் திறந்தேன். முகம் பழையபடி வெளியே திரும்பியிருந்தது. ஃபாங் தோளில் பையோடு வந்து நின்றான்.

"திரும்பிக்கிட்டாளா?"

"முதல்ல பிடிச்ச பிடியைத்தான் மண்ணு நினைச்சுக்கும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ ஏன் முதல்லயே வெளிய பாக்க வெச்ச?"

"போறவதானே."

"போறவன்னு நீயே முடிவு பண்ணிடுவ. இருபது வருஷத்துல ஒரு தடவை, ஒரே தடவை, என்னை இருன்னு சொல்லியிருக்கியா?"

மழை கொட்டியது.

"இரு" என்றேன்.

"என்னது? கேக்கல."

"இருய்யா! எங்கயும் போகாத!"

எதிர்ப் பட்டறையில் அச்சு வார்க்கும் க்வேய் அக்கா எட்டிப் பார்த்தாள். "தெருவுக்கே கேட்டுடுச்சு, ஃபாங். உனக்கு மட்டும் கேக்கலையா?"

ஃபாங் பையைக் கீழே வைத்தான். நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.