டூங்கபி டிரம் அணியின் அடிகள்

1988 ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், சிட்னியின் டூங்கபிப் பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தில் நாகேஸ்வரி பெரிய டிரம்மை அடித்துக்கொண்டிருந்தபோது, பரமட்டாவில் ரயில் மாறிப் போகவேண்டிய தூரத்தில், மெரிலேண்ட்ஸ் இறைச்சிக் கடையொன்றில் ஆட்டுத் தொடை வெட்டிக்கொண்டிருந்த அவளுடைய கணவர் இரத்தினசிங்கத்துக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. அவரை ஒருவரும் தொடவில்லை. மாடு முட்டியவர்போல முதலில் இடப்பக்கம் மடிந்தார், பிறகு வலப்பக்கம் மடிந்தார், பிறகு மரத்தூளில் விழுந்து கிடந்தபடியே ஒரே சீராகத் துள்ளிக்கொண்டிருந்தார் என்று கடை முதலாளி சொன்னார். வைத்தியர் சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது காயங்கள் எல்லாம் வட்டமாக, டிரம் கோலின் தலை அளவில் இருந்தன. பெரிய டிரம்மை யார் அடித்தாலும் அந்த அடி, அவரை முன்பு அடித்த ஆளின் உடம்பில் போய் விழும் என்பது இப்படித்தான் தெரியவந்தது.

அணியைத் தொடங்கியவர் மோகனதாஸ். மலேசியாவில் கிள்ளான்காரர், படிக்க வந்து பொறியியலாளராக நின்றுவிட்டவர். பள்ளிக்கூட பாண்டில் அணிவகுத்த நாட்களைத் தவிர வேறெதிலும் தான் சந்தோஷமாக இருந்ததில்லை என்று அவர் மனைவியிடமே சொல்லியிருக்கிறார். சிட்னிக்கு மேற்கே நீல மலைக்கு அப்பால் சுரங்கத் தொழிலாளர் பாண்ட் ஒன்று கலைந்தபோது அதன் டிரம்களை லொறியில் ஏற்றி வந்து, 1987 இல் ஏழு பேரோடு அணியைத் தொடங்கினார். பெரிய டிரம் ஒரு ஆள் உயரம் இருந்ததால் அதற்குச் சில்லு வைத்த வண்டி ஒன்று செய்ய வேண்டியிருந்தது. சுரங்கக்காரர்கள் அதை நாற்பது வருடம் அடித்திருந்தார்கள், ஒன்றும் நடந்ததில்லை, அல்லது நடந்ததை அவர்கள் வெளியில் சொன்னதில்லை.

நாகேஸ்வரி யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட பாண்டில் இருந்தவள். 1983 இல் கொழும்பில் வீடு எரிந்தபிறகு, ஒற்றைப் பெட்டியோடு கணவரும் அவளும் சிட்னிக்கு வந்தார்கள். கொழும்பில் இரத்தினசிங்கம் வங்கி அதிகாரி. குரல் உயர்த்திப் பேசாதவர் என்று பெயர். சிட்னியில் அவருடைய படிப்பை ஒருவரும் கணக்கில் எடுக்காததால் இறைச்சி வெட்டப் போனார். இரண்டாவது குளிர்காலத்தில், தேநீர் ஆறியிருந்தது என்பதற்காக முதல்முறை அடித்தார். அதற்குப் பிறகு காரணம் தேவைப்படவில்லை. மகள் யோகராணி வயிற்றில் இருந்தபோது குசினிக் கதிரையால் அடித்ததில் கதிரையின் கால் உடைந்தது. உடைந்த காலைத் தானே ஆணி வைத்துப் பொருத்திவிட்டு, அடுத்த நாள் அதே கதிரையில் இருந்து சாப்பிட்டார். பிறந்த பிள்ளையை மட்டும் அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

விலா எலும்பு முறிந்தபிறகும் அவர் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை அவர் அடிப்பார், சனிக்கிழமை அவள் அடிப்பாள். அவளுடைய உதடு வெடித்த கிழமையில் அவருடைய முழங்கால் சில்லு நொறுங்கியது. அவளுடைய தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதிய கிழமையில் அவருக்கு ஒரு காது கேளாமல் போனது. 1988 இன் மீதி மாதங்கள் அப்படியே போயின. அந்தப் பக்கத்து வைத்தியர்கள் இருவரையும் ஒரே நாளில் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

விஷயம் பரவியதும் அணி வளர்ந்தது. அடி வாங்காத ஆட்கள் சிட்னியில் குறைவு. இரவு வேலை முடிந்து வந்தபோது ரயில் நிலையத்தில் மூன்று பேரிடம் உதை வாங்கிப் பல் இழந்த கேதீஸ்வரன் முதலில் வந்து சேர்ந்தான். அவன் அடித்த அன்று பிளாக்டவுன் போகும் ரயிலில் மூன்று இளைஞர்கள் ஒரே நேரத்தில் இருக்கையிலிருந்து சரிந்து இரத்தம் கக்கினார்கள். பயணிகள் அடுத்த பெட்டிக்கு மாறிக்கொண்டார்கள். பிறகு சிறி வந்தான். இலங்கையில் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் பதினொரு மாதம் அடைபட்டு, தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு அடி வாங்கியவன். ஒரு மாரிகாலம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். அந்த முகாமிலிருந்து ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் உள்ளே பூட்டிய குளியலறையில் உடம்பில் ஒரு முழு எலும்பும் இல்லாமல் செத்துக் கிடந்தார் என்ற செய்தியை ஒருநாள் பேப்பரில் வாசித்தான். தேநீரைக் குடித்து முடித்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம் பயிற்சிக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது, தனக்கு சிம்பல் தட்டுகளைத் தந்தால் போதும் என்றான்.

யார் யாரை அடிக்கிறார்கள் என்று மோகனதாஸ் ஒருவரிடமும் கேட்கவில்லை. தாளம் பிசகினால் மட்டும் ஏசினார். "நீங்கள் ஏன் அங்கிள் இதிலை ஒருக்காலும் கை வைக்கிறேல்லை?" என்று கேதீஸ்வரன் கேட்டபோது, "எங்கப்பா கிள்ளான்ல இன்னும் உயிரோட இருக்காரு லா," என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

1989 இல் இரத்தினசிங்கம் டிரம்மை உடைக்க வந்தார். கையில் இறைச்சிக் கத்தி இருந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. கத்தி தோலில் பட்டு வழுக்கி அவருடைய பெருவிரலைத்தான் வெட்டியது. கத்தியை எறிந்துவிட்டு முட்டியால் குத்தினார், காலால் உதைத்தார், கடைசியில் தலையாலும் இடித்தார். மண்டபமே அதிர்ந்தது. நாகேஸ்வரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கு நின்ற எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரத்தினசிங்கம் மூச்சு வாங்க வெளியே போய்ப் படியில் இருந்தார்.

மூன்று கிழமை கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர், அங்கே இருபாலைக் கிராமத்தில் இரத்தினசிங்கத்தின் தகப்பனாருக்கு நடந்ததைச் சொன்னார். முற்றத்தில் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கிழவர் கதிரையோடு தூக்கி எறியப்பட்டிருக்கிறார். தாடை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஷெல் விழவில்லை, ஹெலிகொப்டரும் வரவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டு, "போதுமடா தம்பி, போதும்," என்று அவர் கத்தியதைப் பக்கத்து வீட்டார் கேட்டிருக்கிறார்கள்.

இரத்தினசிங்கம் அன்று சாப்பிடவில்லை. மனைவியிடம், "நான் சின்னப்பெடியனா இருக்கேக்க என்னைத் தென்னையிலை கட்டிவைச்சு அடிப்பார்," என்றார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல்தடவை. நாகேஸ்வரி கறிக்கு உப்புப் போட்டுக்கொண்டே, "என்னைக் கட்டிவைக்கேல்லை. அது ஒண்டுதான் வித்தியாசம்," என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அவளை அடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்து, ஏதாவது வேலை இருக்கிறதா என்று மோகனதாஸிடம் கேட்டார். டிரம் வண்டியை இழுக்க ஆள் தேவைப்பட்டது. நாகேஸ்வரி மறுக்கவில்லை. "வரட்டும். ஆனா என்ரை முறை வந்தா நான் அடிப்பன்," என்றாள். அவளுடைய முறை வந்த நாட்களில் அவர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே முழங்காலில் விழுந்து, எழுந்து, திரும்பவும் இழுத்தார். ஊர்வலம் பார்க்க வந்தவர்கள் அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். சில வருடங்களில் அவளுக்கு அலுத்துப்போயிற்று. தோளில் மாட்டும் சைட் டிரம்முக்கு மாறிக்கொண்டாள்.

அவர் கை ஓய்ந்த அதே காலத்தில் அவளுடைய கை ஓங்கத் தொடங்கியது. யோகராணி கணக்கில் பிழை விட்டால் அகப்பைக் காம்பு, தமிழ்ப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றால் செருப்பு, ஆங்கிலத்தில் திருப்பிக் கதைத்தால் கையில் அகப்பட்டது எதுவோ அது. ஒருமுறை ஸ்திரிக்கைப் பெட்டி, சூடாக இருக்கவில்லை. இரத்தினசிங்கம் அடுத்த அறையில் கேட்கும் காதைத் தலையணையில் புதைத்துப் படுத்திருப்பார். பன்னிரண்டு வயதில் யோகராணி அணியில் சேரவேண்டும் என்று கேட்டாள். நாகேஸ்வரி வேண்டாம் என்றாள். ஏன் என்று அணியில் எல்லோருக்கும் விளங்கியது. யோகராணிக்கு மட்டும் விளங்கவில்லை. பெரிய டிரம்மின் கதையை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

பதினான்கு வயதில் அவள் கேட்காமலே வந்து, கோலை எடுத்து அடித்தாள். முன்வரிசையில் நின்ற நாகேஸ்வரியின் முகம் ஒரு பக்கம் திரும்பியது. மூக்கிலிருந்து இரத்தம் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"அம்மா, வாட் ஹாப்பண்ட்?"

"ஒண்டுமில்லை. தாளத்தைக் கவனி."

ஒரு மணி நேரத்துக்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. கோலைக் கீழே வைத்தாள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் மோகனதாஸுக்கும் ஒன்று விளங்கியிருந்தது. இப்படியொரு கை இந்த அணிக்கு இதுவரை வாய்த்ததில்லை. அதற்குப் பிறகு யோகராணி தாய் வராத நாட்களில் மரக்கட்டையில் அடித்துப் பழகினாள், பெரிய டிரம்மைத் தொடவில்லை. மகளை நாகேஸ்வரி அதற்குப் பிறகு அடிக்கவில்லை. ஆனால் அடித்ததை டிரம் தள்ளுபடி செய்யாது என்பது அவளுக்குத் தெரியும்.

2002 இல் மெல்பேர்னில் நடந்த தேசியப் போட்டிக்கு அணியைக் கூப்பிட்டார்கள். அப்போது அணியில் நாற்பத்தெட்டுப் பேர். முதல் மூன்று இடங்களில் ஒன்று கிடைத்தால் குவேக்கர்ஸ் ஹில்லில் நகரசபை நிரந்தர மண்டபம் தருவதாகப் பேச்சிருந்தது. கிடைக்காவிட்டால், கிழமைதோறும் இரத்தம் கழுவிச் சலித்துப்போன தேவாலயத்தார் டிசம்பரோடு மண்டபத்தைப் பூட்டப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். போட்டிக்கான உருப்படியில் பெரிய டிரம் தனித்து ஒலிக்கும் பகுதி நீளமானது. அடித்தால் வேறு ஒருவருக்கும் வலிக்காத ஆள், அதாவது வாழ்க்கையில் யாரிடமும் அடி வாங்காத தமிழர் ஒருவர் வேண்டும் என்று மோகனதாஸ் மேற்குச் சிட்னி முழுவதும் தேடினார். டூங்கபியில் தேடினார், மெரிலேண்ட்ஸில் தேடினார், கோயிலில் தேடினார், மாதா கோயிலிலும் தேடினார். கிடைக்கவில்லை. அடித்தவர் செத்துப்போயிருந்தாலும் ஒருவருக்கும் வலிக்காது, ஆனால் அப்படிப்பட்ட ஆட்களில், இதற்குள் தகப்பனை இழந்திருந்த இரத்தினசிங்கத்துக்குத் தாளம் வராது. சிறிக்குக் கை நடுங்கும்.

மெல்பேர்னில் தங்கிய விடுதியின் குசினியில், போட்டியன்று காலை, நாகேஸ்வரி மகளுக்கு முன்னால் பாணும் முட்டையும் வைத்தாள்.

"இண்டைக்கு நீ அடி."

"ஐ காண்ட், அம்மா. யூ வில் டை."

"சாகமாட்டன். மெதுவா அடிச்சா எனக்குத் தெரியும், சொல்லிப்போட்டன்."

"மெதுவா அடிச்சா என்ன?"

"நான் உனக்கு அடிக்கேக்க மெதுவாவே அடிச்சனான்?"

யோகராணி முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லை," என்றாள்.

"அப்ப சாப்பிட்டிட்டு வா."

பிற்பகலில், புல் மைதானத்தில், பல்லாயிரம் பேர் பார்க்க யோகராணி அடித்தாள். முதல் அடியில் நாகேஸ்வரியின் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் நான்காவது வரிசைவரை கேட்டது. அவள் சைட் டிரம்மை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தாளத்தைத் தொடர்ந்தாள். அகப்பைக் காம்பின் அடி முதுகில் விழுந்தது, செருப்படி கன்னத்தில் விழுந்தது, ஸ்திரிக்கைப் பெட்டி இடுப்பில் விழுந்தது. எது எப்போது விழுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பல்லைப் புல்லில் துப்பினாள். வண்டியை இழுத்துக்கொண்டிருந்த இரத்தினசிங்கம், தன் மனைவி கண்ணுக்குத் தெரியாத கையால் அடிபட்டுத் தள்ளாடுவதைப் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்று பார்த்தார். முன்பெல்லாம் அந்தக் கை அவருடையதாக இருந்ததால் அவர் அதை இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கவில்லை. வண்டியைத் திருப்பி மைதானத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்விட நினைத்தார். அரை அடி திருப்பியும் விட்டார். நாகேஸ்வரி திரும்பி அவரைப் பார்த்தாள். இடது கண் ஏற்கெனவே மூடியிருந்தது. அவர் வண்டியை நேராக்கினார். அழுதுகொண்டே இழுத்தார். யோகராணியும் அழுதுகொண்டேதான் அடித்தாள், ஆனால் ஒரு அடியைக்கூடக் குறைக்கவில்லை.

மூன்றாம் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில், யார் அடித்தது என்று தாதி கேட்டபோது நாகேஸ்வரி, "என்ரை மகள்," என்றாள். மகள் எங்கே என்று கேட்டதற்கு, "வெளியிலை கப்போடை நிக்கிறாள்," என்றாள். பொலிஸ்காரர் இருவர் வந்து யோகராணியின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கொப்புளங்களைத் தவிர ஒன்றும் இல்லை. டிரம்மின் கதையைக் கேட்டு அதையும் பார்த்தார்கள். ஒருவர் விரலால் அதைச் சுண்டிவிட்டு, யோசனையோடு தொலைபேசியை எடுத்துத் தூரப் போய், தன் அண்ணனுடைய சுகத்தை விசாரித்தார். வழக்குப் பதியப்படவில்லை.

குவேக்கர்ஸ் ஹில் மண்டபம் 2004 இல் திறக்கப்பட்டது. அணி வருடம் மூன்று ஊர்வலங்களுக்குப் போனது, அடிலெய்டிலிருந்தும் பிரிஸ்பேனிலிருந்தும் கூப்பிட்டார்கள், சேரக் காத்திருப்போருக்கு வரிசை இருந்தது. 2009 இல் மே மாதம் முழுவதும் பயிற்சி நடக்கவில்லை. வன்னியில் தங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் எல்லோரும் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஜூனில் திரும்பி வந்தபோது பெரிய டிரம்முக்கு முன்னால் வரிசை மண்டபத்துக்கு வெளியே கார்கள் நிற்கும் இடம்வரை நீண்டது.

அன்று யோகராணி தன் நாலு வயது மகளையும் கூட்டி வந்திருந்தாள். பெரியவர்கள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம் குழந்தை வண்டியில் ஏறி, உள்ளங்கையால் டிரம்மில் ஒரு அடி போட்டாள். மண்டபத்தில் நின்ற ஒவ்வொருவரும் பழக்கத்தில் தன் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டார்கள். யோகராணியின் கன்னத்தில் நாலு சிறிய விரல் தடங்கள் சிவப்பாக எழுந்தன.

நாகேஸ்வரி மகளைப் பார்த்தாள்.

"ஒருக்காத்தான் அம்மா. ரோட்டிலை ஓடிட்டாள், கார் வந்தது. நான் பயந்திட்டன்."

"ஓம்," என்றாள் நாகேஸ்வரி.

குழந்தை திரும்பவும் அடித்தாள். யோகராணியின் தலை சற்றே திரும்பி நேரே வந்தது. அவள் வண்டிக்கருகே போய், மகளின் இடது கையைப் பிடித்து டிரம்மின் நடுவில் வைத்தாள். "ஒரு கையாலை அடிச்சா தாளம் வராது, செல்லம். இந்தக் கையும் சேர்த்து," என்றாள். குழந்தை இரண்டு கையையும் ஓங்கினாள். மற்றவர்கள் சைட் டிரம்களை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தத்தம் இடத்தில் போய் நின்றார்கள்.