எலெக்ட்ரான் இல்லாத எண்ணிக்கை

கணவரின் சட்டையில் அவள் மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது பம்ப்காரர் உள்ளே வந்தார். உயிரில்லாத உடம்புக்குச் சட்டை மாட்டுவது லேசில்லை. கை எந்தப் பக்கமும் ஒத்துழைக்காது. நோயில் கிடந்தவரை எட்டு மாதமாகத் தூக்கி உட்காரவைத்து, திருப்பிப் படுக்கவைத்து, அவளுக்குத் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. அழுவதென்றால்கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்துதான் தொடங்கவேண்டும் போலிருந்தது.

பம்ப்காரர் அவள் கணவரோடு இருபத்தாறு வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்புகள் அவர் பொறுப்பு. முகத்தைப் பார்த்தார், கண்ணைத் துடைத்தார், பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"அண்ணி, பன்னெண்டு மணிக்கு மெஷின நிறுத்தச் சொல்லிட்டாரு."

"யாரு?"

"இயக்குநர்தான். அண்ணனுக்கு மரியாதையாம். கூடமே ஒரு நாள் மௌனமா இருக்கணுமாம். பம்பு உட்பட."

நான்காவது பொத்தான் அவள் விரலிலேயே நின்றது.

கல்யாணமான புதிதில், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அவளுக்கு இன்றும் மனப்பாடம். ஏற்கெனவே சில எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற அணுவுக்கு அயனி என்று பெயர். அதன்மேல் வெளியிலிருந்து எலெக்ட்ரானை ஏவி மோதவிட்டு, மிச்சமிருப்பதில் இன்னொன்றையும் பிடுங்குவது. எவ்வளவு வேகத்தில் அடித்தால் எத்தனை தடவை பிடுங்க முடிகிறது என்று எண்ணுவது. வாடகை வசூலிக்கிற வீட்டுச் சொந்தக்காரர் செய்கிற வேலைதானே என்று அவள் கேட்டாள். அன்று சிரித்தவர், அதற்குப் பிறகு அந்த அளவுக்குச் சிரித்ததில்லை.

சிக்கல் எண்ணுவதில்தான். எவ்வளவு உறிஞ்சினாலும் மோதல் நடக்கிற கூண்டுக்குள் கொஞ்சம் காற்று தங்கிவிடும். அயனி அதன்மேல் முட்டியும் எலெக்ட்ரானை இழக்கும். கருவிக்கு எது யார் செய்த திருட்டு என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணும். ஆகவே எலெக்ட்ரானோடு ஒரு தடவை, எலெக்ட்ரானை நிறுத்திவிட்டு ஒரு தடவை. இரண்டாவதை முதலாவதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மட்டுமே பேசத் தகுந்தது.

படுக்கையில் விழுந்த பிறகும் அவர் விடவில்லை. பதினான்கு நாளாகப் பம்ப்காரர் சாயங்காலம் தொலைபேசியில் எண்ணைச் சொல்லிவந்தார். கணவர் வாங்கிச் சொல்ல, அவள் நோட்டில் எழுதுவாள். 'எலெக்ட்ரானோடு' என்ற பத்தி நிறைந்துவிட்டது. 'இல்லாமல்' என்ற பத்தி இன்று தொடங்கவேண்டியது. விடிகாலையில் அவர் போய்விட்டார். பம்பு நின்றால் கூண்டுக்குள் காற்று ஏறிவிடும். பழைய நிலைக்கு வராது. அந்தப் பதினான்கு எண்ணும் குப்பை.

பத்தரை மணிக்கு இயக்குநர் வந்தார். முன்னால் மலர்வளையம், பின்னால் நான்கு பேர், நடுவில் அவர். கருவி இருக்கும் அறைக்குள் வருடத்துக்கு ஒருமுறை, புகைப்படம் எடுக்கும்போது மட்டும் போகிறவர். பிணத்தின் தலைமாட்டில் நின்று பத்து நிமிடம் பேசினார். அதில் 'நான்' பதினேழு தடவை வந்ததாகப் பம்ப்காரர் பின்னால் சொன்னார். எண்ணிப் பழகியவர், தவறியிருக்காது.

பேச்சு முடிந்ததும் அவள் எழுந்து போய், பம்பை நிறுத்தவேண்டாம், கழிப்பதற்கு இன்னும் ஓர் எண் பாக்கியிருக்கிறது என்று சொன்னாள். இயக்குநர் கையைக் கூப்பினார். இது எண் பார்க்கிற நேரமில்லை, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். கணவரின் அக்கா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடி இது, அவன இப்படிப் போட்டுட்டு மெஷினப் பத்திப் பேசிக்கிட்டு."

"இருங்க அக்கா."

நேராகப் போனால் இந்த மனிதரிடம் வேலைக்காகாது என்று அவளுக்கு உறைத்தது. மரியாதை வேண்டும் என்கிறார், மரியாதையாகவே கொடுத்துவிடலாம்.

"சார், மௌனம் வேணும்தான். ஆனா எல்லாத்தையும் நிறுத்திட்டா அது சாதாரண லீவு மாதிரி ஆயிடும். எலெக்ட்ரான மட்டும் நிறுத்துங்க. மத்ததெல்லாம் ஓடட்டும்."

இயக்குநர் கண்ணை மூடினார். திறந்தபோது குரலே மாறியிருந்தது.

"அவர் விலகிவிட்டார். எலெக்ட்ரானும் விலகுகிறது. அயனி மட்டும் இருட்டில் தனியாகப் பயணம் செய்கிறது." பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக்கோங்க. இது என் யோசனைன்னு போட வேண்டாம்."

ஒருவர் அப்படியே எழுதிக்கொண்டார். அவள் சொல்லாமலே பம்ப்காரர் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பி வாசலைத் தாண்டியிருந்தார்.

மூன்று மணிக்கு அவரை எடுத்துப்போனார்கள். வந்தவர்கள் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அக்கா உள்ளறையில் படுத்துவிட்டாள். ஆறு மணிக்கு, வழக்கமான நேரத்துக்கு, தொலைபேசி அடித்தது.

"மணிக்கு ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு, அண்ணி."

எலெக்ட்ரானோடு, பதினான்கு நாள் சராசரி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அவள் மனசிலேயே கழித்தாள். இருபத்தாறு வருடம் ஒருவர் அந்த அறைக்குப் போய்வந்ததற்கு, மணிக்கு அறுபத்தாறு.

"இது போதுமா?"

"ஒரு நாளெல்லாம் பத்தாது. எண் ஆடிக்கிட்டுத்தான் இருக்கும். எலெக்ட்ரானோட எத்தன நாள் எண்ணினோமோ, இல்லாமலும் அத்தன நாள்னுதான் அண்ணன் சொல்வாரு." கொஞ்சம் தயங்கினார். "ஆனா இயக்குநர் ஒரு நாள்தானே சொல்லியிருக்காரு?"

"எங்க வீட்டுல துக்கம் பதினாலு நாள்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சிரித்தாரா என்று தெரியவில்லை.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். மறுபடி எண்ணிப் பார்க்காத எதையும் அவர் மையால் எழுதவிட்டதில்லை. வெறுமையாக இருந்த பத்தியின் முதல் வரியில் 1846 என்று எழுதினாள். பிறகு, அதற்குக் கீழே, பதின்மூன்று வரிக்கும் வரிசையாகத் தேதி போட்டு வைத்தாள்.