நிறுத்தாமல் இழுத்த கோடு

கோடுக்காரி தன் வீட்டுத் தரையில் சிவப்புக் கோடு இழுத்த நாளிலிருந்து அவளால் பெற்ற மகளைத் தொட முடியாமல் போயிற்று. கை நீட்டினால் மகளின் தோலுக்கு ஒரு நகப் பருமன் முன்னாலேயே விரல் நின்றுவிடும். வீட்டுக்குள்ளும் அப்படித்தான், தெருவிலும் அப்படித்தான், பேருந்தில் ஒரே இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் அப்படித்தான். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற அதே குரலில்தான் அந்தத் தெருக்காரர்கள் இதையும் சொல்வார்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் வாயைப் பிளந்தால் எரிச்சல்படுவார்கள்.

அவளும் புருஷனும் வண்டிகளுக்குப் படமும் கோடும் போட்டுப் பிழைத்தவர்கள். வீட்டின் முன்பக்கம் ஷெட், அதற்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசையாக நடை, கூடம், சமையலறை. புருஷனை ஊர் ஸ்ப்ரேக்காரர் என்றது. கம்ப்ரசரை ஓடவிட்டு ஏர்பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் மனுஷன் பெட்ரோல் டேங்கில் தீயைப் பற்றவைப்பார், ஹெல்மெட்டில் மழைமேகம் இறக்குவார், ஐஸ் பெட்டி, கித்தார், தையல் மெஷின் எது கிடைத்தாலும் அதில் ஒரு கழுகு வந்து உட்காரும். அவர் அடித்த தீயால் டேங்க் சுடுகிறது என்று இரண்டு பேர் புகார் சொன்னதுண்டு. அது வெயிலின் வேலை என்று அவர் அடக்கத்தோடு மறுத்துவிட்டார். படம் முடிந்ததும் அவள் நீளமயிர் பிரஷ்ஷோடு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றி மயிரிழைக் கோடுகளை இழுப்பாள். ஸ்கேல் கிடையாது, டேப் கிடையாது, கைதான். அந்தக் கோடு விழும்வரைக்கும் அவர் போட்ட கழுகு டேங்க்கில் ஒட்டிய சகதிதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், ஒருவர்தான் அதை ஒப்புக்கொள்வார். வேலை எல்லாம் முடிந்த பிறகு மூலையில் அவர் தன் கையெழுத்தைப் போடுவார். கோடு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "நம்ம வேலைன்னா அப்படித்தான்" என்பார். அந்த 'நம்ம'வுக்குள் அவள் இருந்தாளா என்று பல வருடம் அவளே யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, இனிமேல் தன் கையெழுத்தையும் ஓரமாகப் போடலாமா என்று கேட்டாள். சண்டை போடும் எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் கொஞ்சம் யோசிப்பதுபோல் நடித்துவிட்டுச் சிரித்தார். "படத்துக்குக் கையெழுத்துப் போடலாம். கோட்டுக்கு என்னத்தைப் போடுறது? ஸ்கேல் வெச்சா பக்கத்து வீட்டு டிங்கர்கூடப் போடுவான்" என்றார். பக்கத்து வீட்டு டிங்கர் வண்டிகளின் ஒடுக்கு எடுக்கிறவர், சுத்தியலைத் தவிர எதையும் நேராகப் பிடிக்கத் தெரியாதவர். பதினைந்து வருஷம் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்ததற்கு இதுதான் பேரா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. சிவப்பு எனாமல் டப்பாவைத் திறந்தாள். "இனிமே இந்தப் பக்கம் உங்களுது, அந்தப் பக்கம் என்னுது. ஒருத்தர் விஷயத்துல ஒருத்தர் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஷெட்டின் ஷட்டர் அடியில் குந்தி உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்தபடியே தரையில் கோடு இழுக்கத் தொடங்கினாள்.

கோடு ஷெட்டைத் தாண்டி நடைக்குள் வந்தது. இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. இழுக்க ஆரம்பித்த கோட்டை நடுவில் நிறுத்தக்கூடாது, நிறுத்திய இடத்தில் பெயிண்ட் தேங்கித் தடித்துவிடும், அப்புறம் என்ன செய்தாலும் அந்தத் தடிப்பு கண்ணை உறுத்தும். நடையில் மகள் காலை நீட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், அப்போது அவளுக்கு எட்டு வயது. பின்னால் நகர்ந்து வந்தவளின் குதிகாலில் மகளின் பாதம் இடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பிரஷ்ஷை எடுக்கவும் இல்லை. "காலை எடு" என்றாள். மகள் காலை மடக்கி இழுத்துக்கொண்டாள். அப்பன் பக்கத்துச் சுவரில்தான் சாய்ந்திருந்தாள் என்பதால் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டாள். கோடு அவள் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தை உரசிக்கொண்டு கூடத்துக்குப் போய், சமையலறையைப் பிளந்து, பின்சுவரின் அடியில் ஊசிமுனையாக முடிந்தது.

ஸ்ப்ரேக்காரர் வந்து பார்த்தார். ஷட்டரிலிருந்து பின்சுவர் வரைக்கும் நூல் பிடித்ததுபோல் ஒரே பருமனில் கிடந்த கோட்டைப் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், குப்புறப் படுத்துத் தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். நல்ல வேலையின் மேல் கிளியர் என்கிற கண்ணாடிப் பூச்சை அடிக்காமல் விட அவருக்கு மனசு வராது. நடக்கிற கால்பட்டு இது தேய்ந்துபோகுமே என்ற ஒரே கவலையில், பெயிண்ட் காய்ந்ததும் பொண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசாமல் கம்ப்ரசரைப் போட்டு, முழு நீளத்துக்கும் இரண்டு கை கிளியர் அடித்தார். அவளும் தடுக்கவில்லை. சமையலறை மூலையில் ஒரு தூசி விழுந்ததைப் பார்த்து அவள்தான் சுட்டிக்காட்டினாள், அவர் ஊசியால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மறுபடி அடித்தார். ஆயிரம் சண்டை இருந்தாலும் வேலையில் குறை வைக்காத ஜோடி அது. இரண்டு பேரும் சேர்ந்து செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று பிற்பாடு தொழில் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

சாயங்காலம் மகள் பசிக்கிறது என்று வந்தாள், வந்தவள் கோட்டில் மோதி நின்றாள். அவள் அம்மா இந்தப் பக்கமிருந்து கை நீட்டினாள், கை அங்கேயே நின்றது. மற்றவர்களுக்கு அங்கே ஒன்றுமில்லை. டிங்கர் தாராளமாகத் தாண்டினார், பூனை தாண்டியது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டால் அதுவும் தாண்டியது. கிளியர் காய்ந்தபோது அந்த வீட்டுக்காரர்களில் யார் எந்தப் பக்கம் இருந்தார்களோ அவர்கள் அந்தப் பக்கம்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் தொட முடியாமல் போனதை முதல் சில மாதம் இரண்டு பேருமே குறையாக நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் தின்னர் ஊற்றித் துடைத்தாள், வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தாள். டிங்கரைக் கூப்பிட்டுத் தரையை உடைக்கச் சொன்னாள். சிமெண்டுக்கு அடியில் மண்ணிலும் கோடு இருந்தது, அதே சிவப்பு, அதே பருமன், அதே பளபளப்பு. புதுத் தரை போட்டார்கள், ஈரம் காய்வதற்குள் கோடு மேலே வந்துவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டே வசனங்கள்தான். "நீதானே இழுத்த?" என்பார் அவர். "நீங்கதானே கிளியர் அடிச்சீங்க?" என்பாள் அவள். வருஷக்கணக்கில் இதையே சொல்லிக்கொண்டார்கள், சொல்லும்போது குரல்கூட உயர்த்துவதில்லை.

சமையல் அவள் பக்கம், குழாய் அவர் பக்கம், அதனால் குடும்பம் நடந்தது. மகளைக் குளிப்பாட்டியதும் சடை போட்டதும் அப்பன்தான். பெயிண்ட் மூடியைத் திறக்கிற விரலால் அவர் பின்னிய சடை பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிடும். பொறுக்கமாட்டாமல் அவள் ஒரு சீப்புக்குத் தடிக்குச்சி கட்டி, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு வாரிப் பார்த்தாள். சிக்கு இழுத்து மகள் அலறினாள், அத்தோடு அது நின்றது. டிங்கரின் பெண்சாதி இளகிய மனசுக்காரி. மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் கோட்டைத் தாண்டி ஓடிவந்து இவளைக் கட்டிக்கொள்வாள். கொஞ்ச நாள் இதை இரண்டு வீட்டாரும் நம்பினார்கள். ஒரு நாள் இவளே, "போதும்மா, உன் வேர்வைதான் தெரியுது" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். மகளுக்குக் காய்ச்சல் கண்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் பாய் போட்டு, மகளின் முகத்துக்கு நேராக முகம் வைத்துப் படுத்துக்கொள்வாள். அவள் மூச்சு மகளின் மேல் படும். மூச்சுக்குத் தடை இல்லை என்பதை அவளாகக் கண்டுபிடித்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வயசு வரும்வரைக்கும் அது நடந்தது.

கோட்டைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள், வந்தவர்கள் வண்டியையும் விட்டுவிட்டுப் போனார்கள், தொழில் பெருகியது. குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்ப்ரேக்காரர் என்ன ஃபினிஷிங் குடுத்திருக்கார் பாருங்க" என்பார்கள். நான் இல்லை, அவள் போட்டது என்று அவர் ஒரு தடவையாவது திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

மகள் ஏர்பிரஷ் கற்றுக்கொண்டாள். அப்பனைவிட நன்றாகவே அடித்தாள், ஆனால் அவள் அடித்த எதற்கும் விளிம்பு கிடையாது. மலையா, புகையா, முகமா என்று தெரியாமல் ஒன்றிலொன்று கரைந்து போகும், அதற்கென்றே தேடி வரும் ஆட்கள் இருந்தார்கள். பிரஷ்ஷை மட்டும் அவள் கையால் தொட்டதே இல்லை. இருபத்து சொச்சம் வயசில் ஒரு நாள், ஒரு ஹெல்மெட்டின் கண்ணாடியில் பெயிண்ட் படாமலிருக்க மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே கேட்டாள்.

"அன்னைக்கு என் கால் இடிச்சப்ப ஒரு நிமிஷம் பிரஷ்ஷைத் தூக்கியிருந்தா என்னம்மா?"

பல வருஷமாக அந்தக் கேள்விக்குப் பயந்து கிடந்தவள் அவள். மன்னிப்புக் கேட்க வார்த்தைகள்கூடச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"கோடு தடிச்சிருக்கும்" என்றாள்.

தொழில் பேசிவிட்டது. சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது அவளுக்கு. மகள் தலையாட்டிக்கொண்டு டேப்பை ஒட்டி முடித்தாள், அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் அம்மாவோடு பேசவில்லை. தட்டு மட்டும் வழக்கம்போல் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

ஸ்ப்ரேக்காரரின் நெஞ்சு முழுக்க அவர் வாழ்நாளெல்லாம் அடித்த பெயிண்ட் இருப்பதாக டாக்டர் சொன்னார். முகமூடி போடுங்கள் என்று சொன்ன பெண்டாட்டி பேச்சைக் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார். ஒரு காலையில் கூடத்தில் அவர் பக்கத்துக் கட்டிலிலேயே மூச்சு நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், பழக்க தோஷத்தில் கையை நீட்டினாள். கை நிற்கவில்லை. போய் அவர் நெற்றியில் பட்டது. நெற்றி இன்னும் லேசாகச் சூடாக இருந்தது. அவள் கன்னத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள், பெயிண்ட் போகாத விரல்களை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. ஆனால் முதலில் வந்தது அழுகை இல்லை. முதலில், ஆக இதுதான் வழி என்ற எண்ணம் வந்தது. நிமிர்ந்தால், எதிர்ப்பக்கம் நின்ற மகளும் அப்பனின் முகத்தைப் பார்க்காமல் அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு மேலாக அவள் மகளிடம் மற்றக் கையை நீட்டினாள். அது வழக்கமான இடத்தில் நின்றது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு கழுவியாயிற்று. இரண்டு பேரும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கொரு டம்ளர் டீ குடித்தார்கள். டீ பாதியானபோது அவள் பேசினாள்.

"நான் போனதும் உடனே யாரையும் கூப்பிடாத. டிங்கர் வீட்டுக்குக்கூடச் சொல்லாத. கொஞ்ச நேரம் என்னை மடியில போட்டுக்க."

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்படியெல்லாம் பேசாதே என்று மற்றவர்கள் வீட்டில் சொல்வதை அவள் சொல்லவில்லை.

"எவ்வளவு நேரம்மா?"

"உனக்குப் போதும்னு தோணுற வரைக்கும்."

மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த நாளில் வேலை எடுத்துக்கொள்ளாமல் ஷட்டரைச் சாத்தி வைக்கிறேன் என்றாள். அவள் சரி என்றாள். வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள், பெயிண்டுக்குச் சொல்லி வைத்திருந்த வேன் வந்திருந்தது. இரண்டு பேரும் எழுந்து, அவரவர் பக்கமாக நடந்து ஷெட்டுக்குப் போனார்கள்.