பதினான்காம் பகுதிக்கு வந்த ஆட்சேபணை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் முழங்காலில் எப்படிக் காயம் பட்டது, போனில் கேட்டபோது ஏன் இருவரும் மழுப்பினோம் என்று எழுதியிருந்தீர்கள். போனில் சொன்னால் அவர் நடுவில் புகுந்து கதையையே மாற்றிவிடுவார். அதனால்தான் இந்தக் கடிதம். முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதீர்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் பொதுவான நிலம், நீர், மரம் எல்லாவற்றையும் அளந்து, எதை எதற்கு விடலாம் என்று பத்து வருடத்துக்குத் திட்டம் போடுவது. இந்த முறை என் பங்குக்கு வந்தது நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள நிலம். அதை இருபத்திரண்டு பகுதிகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை நேரில் போய், யார் புழங்குகிறார்கள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது, மண் எங்கே கரைகிறது என்று படிவத்தில் குறித்தேன். பதினான்காம் பகுதி, பம்பு அறைக்குப் பின்னால் உள்ள வெட்டவெளி. பாதி கட்டாந்தரை, பாதி சரிவு. மூன்று முறை போயும் ஒரு காக்கையைக்கூடப் பார்க்கவில்லை. "பயன்பாடு இல்லை. முழுவதும் வேலி போட்டு மரக்கன்று நடலாம்" என்று எழுதினேன். வரைவுத் திட்டத்தை நூலகத்தில் மாட்டினோம். ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் பெயர், முகவரியோடு எழுதித் தரலாம் என்று அறிவிப்பும் ஒட்டினோம்.

இருபத்தெட்டாம் நாள் எங்கள் கிளார்க் ஒரு உறையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மேடம், பதினாலுக்கு ஒரு ஆட்சேபணை."

"பதினாலுக்கா? அங்க யாரு இருக்கா ஆட்சேபிக்க?"

"அட்ரஸைப் பாருங்க. உங்க வீட்டு நம்பர் மாதிரி இருக்கு."

மாதிரி என்ன, என் வீட்டு நம்பரேதான். எழுத்தும் எங்கள் வீட்டுக் கணக்கு வாத்தியாருடையது. கரும்பலகையில் எழுதும் அதே குண்டு குண்டு எழுத்து. "பதினான்காம் பகுதியில் பயன்பாடு இல்லை என்பது சரியன்று. தினமும் காலை ஐந்தரை முதல் ஏழு வரை நான் அதைப் பயன்படுத்துகிறேன். எனக்கு வேறு இடம் கிடையாது. என்ன பயன்பாடு என்பதை எழுத விருப்பமில்லை. நேரில் வந்தால் காட்டுகிறேன்." கீழே, "தங்கள் உண்மையுள்ள" என்று போட்டுக் கையெழுத்து. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் எனக்கு அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை.

இரண்டு மாதமாகக் காலையில் வாக்கிங் போகிறேன் என்று கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏங்க, என்ன இது?"

"எது?"

"நீங்க குடுத்த ஆட்சேபணை."

"அது ஆபீஸ் விஷயம். பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒரு தடவை உன்கிட்ட பேசினப்ப என்ன சொன்ன? ஆபீஸ் விஷயத்தை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க, எழுதிக் குடுங்கன்னு சொன்னியா இல்லையா? எழுதிக் குடுத்துட்டேன். பதிலும் எழுத்துலயே வரட்டும்."

மறுநாள் காலை வேலைக்குத் தயாராகும்போது ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். கேட்டால், "சுளுக்கு."

சொந்தக்காரர் தரும் ஆட்சேபணையை நான் விசாரிக்கக் கூடாது என்பது விதி. எங்கள் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி, நான் விசாரிக்கிறேன். அஞ்சரைன்னா சாயங்காலம்தானே?"

"காலையில, சார்."

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் வாத்தியாரா, சேவலா?" என்றார். பிறகு, "நீயும் வா. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை இறுதித் திட்டம் போயாகணும். சரியான காரணம் இல்லன்னா வேலி வந்துரும், பாத்துக்க" என்றார்.

மறுநாள் போனோம். பம்பு அறைச் சுவரைப் பார்த்தபடி ஒருவர் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார். தெருவில் ஊதினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்களாம். அந்தக் கோடியில் ஒரு பெண்மணி தன் தங்கைக்குக் காரைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஸ்டீயரிங்கை ஒடி, ஒடி! அந்தப் பக்கம் இல்லடி!" இவர்களுக்கு நடுவே, பேன்ட் காலில் துணிக் கிளிப் மாட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார் உங்கள் தம்பி.

ஆமாம் அண்ணி, சைக்கிள். பதினோரு வயதில் "நான் பிடிச்சிருக்கேன்டா" என்று சொல்லிவிட்டு நீங்கள் கையை விட்டு, அவர் சாக்கடையில் போய் விழுந்த நாளிலிருந்து தொடாத சைக்கிள்தான்.

"சார், கொஞ்சம் இறங்குங்க. விசாரிக்கணும்" என்றார் அதிகாரி.

"இறங்கத் தெரியாது சார்!" என்றபடி எங்களைக் கடந்து போனார் இவர்.

அதிகாரி என்ன செய்வார்? நின்ற இடத்திலேயே படிவத்தை விரித்தார். இவர் ஒவ்வொரு சுற்றிலும் கிட்டே வரும்போது ஒரு கேள்வி.

"எத்தனை நாளா வர்றீங்க?"

"அறுபத்தி..." போய்விட்டார். அடுத்த சுற்றில், "...ரெண்டு நாள் சார்!"

"தெருவுல பழகக் கூடாதா?"

"என் பசங்க இல்லாத தெரு இந்த ஊர்ல எங்க சார் இருக்கு? நான் விழுறதைப் பாத்தா அப்புறம் எவன் கணக்கு போடுவான்?"

"இந்த வயசுல என்ன அவசரம்?"

"சயின்ஸ் வாத்தியார் மாசக் கடைசியில ரிட்டையர் ஆறார். பதினோரு வருஷமா அவர் ஸ்கூட்டர் பின்னாடிதான் போறேன். அந்த ஸ்கூலுக்கு பஸ் கிடையாது!"

"பக்கத்து ஸ்கூலுக்கு மாத்திக்கலாமே?"

அடுத்த இரண்டு சுற்றையும் எங்களை விட்டுத் தள்ளியே அடித்தார். மூன்றாவது சுற்றில் தலையை நிமிர்த்தாமல், "அந்தப் பசங்களை விட்டுட்டு வர மனசில்ல சார்" என்றார்.

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். "வீட்டுல சொல்லியிருக்கலாமே?"

"அவ சிரிப்பா சார்."

ஐந்தடி தள்ளி நான் நிற்கிறேன். வாயைத் திறக்கக் கூடாது. நீங்கள் அந்தச் சாக்கடைக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் யார் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, எப்படித்தான் நிக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"அந்த மண்மேட்டுல மோதி!"

முழங்கால் விஷயம் இப்போது விளங்கியிருக்கும். அவர் மேட்டை நோக்கித் திரும்புவதைப் பார்த்ததும் நான் செருப்பை உதறிவிட்டு ஓடி, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு? பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன். பிரேக்கை மெதுவா அமுக்குங்க."

"அக்காவும் அன்னிக்கு இதையேதான் சொன்னா!"

"நான் விடமாட்டேன். இடது காலை ஊணுங்க."

ஊன்றினார். நின்றார். தரையைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். டிரம்பெட்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்.

அதிகாரி என் பழைய படிவங்களைப் புரட்டினார். மூன்று முறையும் நான் போயிருந்தது காலை பதினொன்று, பகல் பன்னிரண்டரை, பிற்பகல் மூன்று மணி. "பத்துல இருந்து அஞ்சு வரைக்கும் பாத்தா, இந்த ஊர்ல பாதிப் பேரு பயன்பாட்டுல இல்லாதவங்கதாம்மா" என்றார். மரம் வேண்டியது மண் கரைகிற சரிவுக்குத்தான். வேலிக்கு ஒரு வாசல் வைத்து, கட்டாந்தரையை வெட்டவெளியாகவே விடலாம் என்று முடிவு எழுதினார். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து நான் வரைபடத்தைத் திருத்தினேன். கள ஆய்வை அலுவலக நேரத்தில் மட்டும் செய்தது என் பிழை என்று பின்னிணைப்பில் என் பெயர் போட்டே எழுதினேன். விடியற்காலையில் மீதி இருபத்தொரு பகுதிகளுக்கும் ஒரு நடை போய் வந்தேன். அது தனிக் கதை.

அவருக்குப் பதில் பதிவுத் தபாலில் போனது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் நான்தான். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, ரேஷன் அட்டை வைக்கிற கோப்பில் பத்திரப்படுத்தினார்.

வேலிக்கு வாசல் எங்கே வைப்பது என்று வரைபடக்காரர் கேட்டார்.

"கட்டாந்தரையோட வலது ஓரத்துல வைங்க."

"காரணம்னு என்ன எழுதட்டும் மேடம்?"

"உள்ள வர்றவங்க இடது பக்கம்தான் திரும்புவாங்கன்னு எழுதுங்க."

ஏனென்றால் அண்ணி, இவருக்கு இன்னும் வலது பக்கம் திரும்ப வரவில்லை. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் வலது திருப்பம் ஒன்றே ஒன்றுதான். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்று இருவருமாகத் திட்டம் போட்டிருக்கிறோம். இறங்கத்தான் இப்போது தெரிந்துவிட்டதே. காலையில் நானும் கேரியரைப் பிடித்தபடி கூடப் போகிறேன். கேரியரை எப்போது விட்டேன் என்று அவருக்கு இன்னும் தெரியாது. நீங்கள் அடுத்த மாதம் வரும்போது நேரே பம்பு அறைக்கு வந்துவிடுங்கள். அவர் வலது பக்கம் திரும்பும்வரை மட்டும் சாக்கடைக் கதையை எடுக்காதீர்கள்.

உங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி